சுவரைப் பார்த்து நில்லுங்கோ

பினாங்குத் தீவில் 1992-ஆம் வருஷம் யூனிக்ஸ் கம்ப்யூட்டரை மேய்க்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்திருக்கலாம். அவர்களில் ஒன்பது பேர் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவது ஆள் தியாகராஜா.

அவர் வேலை பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வேலையைப் பரிபாலனம் செய்தார். பீச் ஸ்திரீட்டில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் செய்து தள்ளும் மின்னணுச் சாமான்களை விமானம் ஏற்றி அனுப்ப, சுங்க இலாகாவுக்குப் படிவம் அடித்துக் கொடுப்பது அதன் தொழில். படிவங்களை அடிப்பது மூன்றாம் மாடியில் குளிரூட்டிய அறைக்குள் நிற்கும், சின்னக் குளிர்பெட்டி அளவுள்ள ஒரு பழைய யூனிக்ஸ் மெஷின். அந்த அறையின் கதவில் 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று பித்தளைப் பலகை இருந்தது. அதே மாதிரி ஒன்றை பாயான் பாரு வீட்டு வாசலிலும் அடிக்க தியாகராஜா ஆசைப்பட்டார். தபால்காரன் பயந்துபோய்க் கடிதம் போடாமல் விட்டுவிடுவான் என்று சொல்லி மனைவி கனகேஸ்வரி தடுத்துவிட்டாள்.

தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து ரயில்வேயில் கிளார்க். அப்பா கருவூலத்தில் கிளார்க். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் காகிதம் என்று ஒன்று இருந்தால் அதன் அடியில், இடது மூலையில், கோப்பு எண் இருந்தாக வேண்டும். பாசாருக்கு எழுதிக் கொடுக்கும் பட்டியலுக்கும் அதே சட்டம். கத்தரிக்காய், முருங்கைக்காய், நெத்திலி, கறிவேப்பிலை, அதற்குக் கீழே 'டி.ஆர். வீடு 92/114'. கனகேஸ்வரி மேலேயிருந்து வாசித்துக்கொண்டு வந்து கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்வாள். அந்த அடிவரியை இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. மீன்காரியும் வாசித்ததில்லை. உலகத்தில் யாருமே வாசித்ததில்லை என்பதுதான் தியாகராஜாவின் அபிப்பிராயமும். அதற்காக அவர் எழுதாமல் விடவில்லை.

மெஷினுக்குள் போக ஆபீஸில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டு. ஆனால் 'ரூட்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் நுழைபவர்தான் முதலாளி. எதையும் திறக்கலாம், அழிக்கலாம், யாரையும் வெளியே தள்ளலாம். அதன் பாஸ்வேர்ட் தியாகராஜா ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் அதை அடிக்கும்போது அறையில் இருப்பவர்கள் எழுந்து சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். "சுவர்" என்று ஒரே ஒரு சொல்தான் சொல்வார். ஆபரேட்டர் புஷ்பவள்ளி ஐந்து வருஷமாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, அந்தச் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறாள். சுவரில் தியாகராஜா எழுதி ஒட்டிய 'கம்ப்யூட்டர் அறை விதிகள் பதினான்கு' இருந்தது. ஏழாவது விதி பாஸ்வேர்டை எங்கும் எழுதக் கூடாது என்றது. பதினோராவது விதி, மெஷினுக்கு உயிர் கொடுக்கும் மூல டேப் அந்தக் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது என்றது. தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போய்விடுமாம். அதனால் அந்த டேப் பாயான் பாரு வீட்டில், தியாகராஜாவின் அலமாரியில், வேட்டிக்கு அடியில் இருந்தது.

இவ்வளவும் கனகேஸ்வரிக்குத் தெரியும். ஆபீஸைப் பற்றி அவள் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமலே இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்படும்.

அந்த அக்டோபர் திங்கட்கிழமை சரஸ்வதி பூசை. கனகேஸ்வரி விடியலில் தலை முழுகி, கடலை அவித்து, அவலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் முன்புதான் மகள் சிவகௌரியின் கலியாணம் முடிந்து, அவள் ஈப்போவுக்குப் போயிருந்தாள். வீடு வெறிச்சென்று இருந்தது. கலியாணத்துக்கு எடுத்த லீவு முடிந்து தியாகராஜா அன்றைக்குத்தான் ஆபீஸ் போயிருந்தார். சாதாரண நாளில்லை அது. அடுத்த மாதம் அவருக்கு ஐம்பத்தைந்து. வேலை முடிந்தது. இன்னும் மூன்று வருஷம் நீட்டித்துத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய கோலாலம்பூரிலிருந்து ஜெனரல் மேனேஜர் அர்ஜுனன் மத்தியான விமானத்தில் வருகிறான்.

அந்த நீட்டிப்பு தியாகராஜாவுக்கு கௌரவப் பிரச்சினை. கனகேஸ்வரிக்கு உயிர்ப் பிரச்சினை. அவர் வீட்டில் உட்கார்ந்தால் வீடு ஆபீஸாகிவிடும். அந்த ஆபீஸில் அவருக்குக் கீழே வேலை செய்ய அவள் ஒருத்திதான் இருக்கிறாள். ஃபிரிட்ஜ் கதவில் விதிகள் பதினான்கு ஒட்டப்படும். மிளகாய்த்தூள் டப்பாவுக்குக் கோப்பு எண் வரும். இதை நினைத்துத்தான் அவள் ஒன்பது நாளும் அம்மனுக்குத் தவறாமல் விளக்கு வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு டாட்சன் கார் வாசலில் வந்து நின்றது. கதவைச் சாத்தாமல் தியாகராஜா உள்ளே வந்தார். காலணியைக் கழற்றவில்லை. கழுத்துப்பட்டி தோளில் கிடந்தது. நேரே அலமாரிக்குப் போய் வேட்டிகளை வாரிக் கட்டிலில் போட்டார்.

என்ன தேடுகிறார் என்று கேட்டாள். டேப் என்றார். எதற்கு என்று கேட்டாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அப்புறம், பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சொன்னார்.

லீவில் போவதற்கு முந்தின நாள் ரூட் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். தான் இல்லாத மூன்று வாரத்தில் புஷ்பவள்ளி கையில் மெஷின் சிக்கிவிடக் கூடாதாம். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து மாற்றினார். பிறகு பந்தல்காரன், நாதஸ்வரம், மாப்பிள்ளை வீட்டார், ஐயருக்குக் கார், மொய்ப் பட்டியல். இன்றைக்குக் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, "சுவர்" என்று சொல்லி, எல்லோரும் திரும்பி நின்ற பிறகு, விசைப்பலகையில் கை வைத்தார். கை சும்மா இருந்தது.

"என்ன, மறந்துபோச்சே?"

"மறக்கேல்லை. வருகுதில்லை."

மூன்று வாரமாக யாரும் சுத்தம் செய்யாததால் மெஷினின் டிஸ்க் நிறைந்துபோய், ஒரு படிவமும் அடிக்க மாட்டேன் என்று நிற்கிறது. பழையதை அழிக்க ரூட்டால் மட்டும்தான் முடியும். விமானத்தில் போக வேண்டிய நாற்பது பெட்டிச் சாமானுக்கு நாலு மணிக்குள் சுங்கத்தில் படிவம் கொடுக்க வேண்டும். தியாகராஜா முருகன் பெயர் எல்லாம் அடித்துப் பார்த்தார். தண்ணீர்மலை, நல்லூர், மகள் பெயர், மாப்பிள்ளை பெயர், முகூர்த்த நேரம். அறுபத்தொரு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் புஷ்பவள்ளியும் ரிசெப்ஷனிஸ்ட் சபூராவும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அறுபத்தோராவது தடவைக்குப் பிறகு புஷ்பவள்ளி திரும்பாமலே, சுவரிடம் சொல்வதுபோல, மூல டேப் இருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போய்விடலாம் சார் என்றாளாம்.

"அந்தப் பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் கனகேஸ்வரி.

"சாப்பாட்டு நேரத்தில மேனுவல் வாசிக்கிறவளாம்," என்றார் தியாகராஜா, அவள் களவெடுத்தது போல. "டேப்பை எங்க வைச்சனீர் கனகம்?"

கனகேஸ்வரி சாமியறையைப் பார்த்தாள்.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்த டேப்பைச் சாமிக்கு வைப்பது அவர் கொண்டுவந்த பழக்கம்தான். அதுதான் இன்றைய காலத்து ஏடு என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். இந்த வருஷம் கலியாணக் களைப்பில் அவர் மறந்ததால், நேற்றுச் சாயங்காலம் அவளே எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத்துணி விரித்து, அம்மன் படத்துக்கு முன்னால், அவருடைய டைப்ரைட்டிங் புத்தகத்துக்கு மேலே வைத்திருந்தாள். வைத்ததை விஜயதசமி விடியலில் பூசை முடிந்துதான் எடுக்க வேண்டும். அதாவது நாளைக்கு.

தியாகராஜா எழுந்தார். கனகேஸ்வரி சாமியறை வாசலில் போய் நின்றாள். மறிக்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான்.

"எடுக்கேலாது."

"கனகம், நாலு மணிக்கு..."

"அண்டைக்கு என்ன சொன்னீங்கள்?"

எண்பத்து மூன்றாம் வருஷம். சிவகௌரிக்கு மூன்றாம் படிவச் சோதனை, விஜயதசமி அன்றே காலையில் வரலாறு. பிள்ளை தவறுதலாக எல்லாப் புத்தகத்தோடும் வரலாற்றுப் புத்தகத்தையும் சாமிக்கு வைத்துவிட்டாள். முதல் நாள் முழுக்க அழுதாள். சாமிக்கு வைத்தது வைத்ததுதான், இரண்டு மணி நேரம் முந்தி எடுக்க நினைக்கிற குடும்பம் இதில்லை என்று தியாகராஜா நடுக்கூடத்தில் நின்று பேசினார். பிள்ளை வரலாறு படிக்காமல் போய், வரலாற்றில் தோற்றது.

தியாகராஜா கூடத்து மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து.

"போனை எடுங்கோ," என்றாள். "ஈப்போவுக்கு அடியுங்கோ. அண்டைக்குச் செய்தது பிழை எண்டு அவளிட்டைச் சொல்லுங்கோ. பிறகு நான் அம்மனிட்டைக் கேக்கிறன்."

"இப்பவோ?"

"இப்ப."

அவர் அடித்தார். சிவகௌரி எடுத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய வரலாற்றுப் புத்தகம் சம்பந்தமாக ஒரு விளக்கம் தர விரும்புவதாகத் தியாகராஜா ஆரம்பித்தார். கனகேஸ்வரி விரலை ஆட்டினாள். விளக்கத்தை விட்டுவிட்டு, பிழை என்றார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று புது மாப்பிள்ளை போனை வாங்கிக் கேட்டான். தியாகராஜா போனை வைத்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

கனகேஸ்வரி கற்பூரம் ஏற்றினாள். தாயே, இது பிள்ளை சோதனைக்குப் படிக்க இல்லை, ஒரு மனுசன்ர மானத்துக்கு, குறை நினையாதை என்றாள். பட்டுத்துணியோடு டேப்பை எடுத்து மார்போடு அணைத்தாள். தியாகராஜா கை நீட்டினார்.

"நீங்கள் தொடக் கூடாது. வைச்சது நான். நானே கொண்டு வாறன்."

டாட்சன் ஜெலுத்தோங் வரை நன்றாகத்தான் ஓடியது. அங்கே மழை பிடித்தது. அக்டோபர் மழை. முதலில் நாலு துளி, பிறகு வானத்தை யாரோ கவிழ்த்துவிட்ட மாதிரி. வழி நெடுக தியாகராஜா பாஸ்வேர்ட்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சிவப்பு விளக்கில் நின்றபோது, கலியாணச் சமையல்காரரின் பெயராக இருக்குமோ என்று கேட்டார். அப்படியானால் உறைப்பாக இருந்திருக்கும், மறந்திருக்க மாட்டீர்கள் என்றாள்.

சுங்கை பினாங் ஆற்றுப் பாலத்தடியில் தண்ணீர் முழங்கால் மட்டம். முன்னால் போன வேன் நீந்திக் கடந்தது. தியாகராஜா அதைப் பார்த்துக் கியரை மாற்றினார். டாட்சன் நடுத்தண்ணீரில் இருமி, குலுங்கி, நின்றது. மணி ஒன்று.

சாவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். அன்றைக்கு அவருக்கு எதுவும் திறப்பதாக இல்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். புட்டுமாயம் என்று இங்கே சொல்லும் இடியப்பம் விற்கிற முனுசாமி, தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் வெற்றுக் கூடைகளோடு, காலைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பிளந்து வந்தான். பாயான் பாருவில் தினமும் காலையில் கனகேஸ்வரியின் வாசலில் அதே ஹாரனை அடிப்பவன். கண்ணாடியைத் தட்டினான்.

"என்னக்கா, கெரேத்தா குளிக்குதா?" என்றான், காரைக் காட்டி.

கனகேஸ்வரி ஒரு கணம்தான் யோசித்தாள். கதவைத் திறந்தாள். தண்ணீர் உள்ளே வந்தது. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். டேப்பைப் பட்டுத்துணியோடு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தாள்.

"தம்பி, பீச் ஸ்திரீட்டுக்கு என்னைக் கொண்டுபோய் விடு. பிறகு வந்து இவரையும் ஏத்திக்கொண்டு வா."

"கூடையோட தான் போவணும்க்கா. இதக் கழட்ட நேரமாவும்."

"கூடையோட போவம்."

தியாகராஜா என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். மூன்று தலைமுறை கிளார்க் குடும்பத்துப் பெண் புட்டுமாயக் கூடைமேல் உட்கார்ந்து நகரத்துக்குள் போவது பற்றியாக இருக்கும். கனகேஸ்வரி அதற்குள் முனுசாமி கொடுத்த ஹெல்மெட்டை மல்லிகைச் சரத்துக்கு மேலே அமுக்கிவிட்டாள். உள்ளே தேங்காய்ப்பூ வாசம். ஒரு கையில் குடை, மறு கையில் ஒரு கம்பெனியின் உயிர். வண்டி கிளம்பியதும் குடை தலைகீழாக மடிந்தது. அதை ஆற்றில் விட்டுவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை என்று சொன்னால் மிகையில்லை. வழியில் ஒரு லாரியைத் தாண்டும்போது, வேகமாகப் போ தம்பி என்று அவளே சொன்னாள்.

மூன்றாம் மாடியில் புஷ்பவள்ளி வாசலிலேயே காத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி, கையில் தடித்த மேனுவல், பக்கத்துக்குப் பக்கம் பஸ் டிக்கெட் செருகி அடையாளம் வைத்தது. சொட்டச் சொட்ட வந்து நின்ற கனகேஸ்வரியையும் ஹெல்மெட்டையும் பார்த்துச் சபூரா துண்டு தேடி ஓடினாள். புஷ்பவள்ளி பையை மட்டும் பார்த்தாள்.

"நனையலையே, அக்கா?"

"நான்தான் நனைஞ்சன்."

டேப்பை வெளியே எடுத்ததும் புஷ்பவள்ளியின் முகம் மாறியது. சந்தனம் காய்ந்து ஓரத்துச் சின்னக் கதவில் ஒட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம். உள்ளே கண்ணாடிபோல மினுங்கும் நாடாவுக்கு அரை அங்குலம் பக்கத்தில்.

"இது உள்ள போச்சுன்னா மெஷினு படிக்காது லா," என்று மெதுவாகச் சொன்னாள்.

கனகேஸ்வரி தன் விரலைப் பார்த்தாள். வைத்தது அதுதான். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவரச் சொன்னாள் புஷ்பவள்ளி. இரண்டு பெண்களும் மேசை விளக்கடியில் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். கனகேஸ்வரி வெள்ளிக் குத்துவிளக்கு துடைக்கிற பக்குவத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூலை மூலையாகத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது, சிவப்பானது, கடைசியில் வெள்ளையாகவே வந்தது.

டேப் உள்ளே போனது. புஷ்பவள்ளி மெஷினை அணைத்து, டேப்பிலிருந்து எழும்பச் சொல்லி ஒரு வரி அடித்தாள். மெஷின் கரகரத்தது. நிறுத்தியது. மறுபடி கரகரத்தது. நாடா முன்னும் பின்னும் ஓடும் சத்தம் மாவு சலிப்பது மாதிரி இருந்தது. திரையில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம். இரண்டு. சபூரா அரபியில் ஏதோ முணுமுணுத்தாள். கனகேஸ்வரி தமிழில் முணுமுணுத்தாள். எந்த மொழி எடுபட்டதோ, திரையில் வரிகள் வரத் தொடங்கின. கடைசியில் ஒரு சின்னக் குறி மட்டும் நின்று கண்ணடித்தது.

"உள்ள வந்துட்டோம்," என்றாள் புஷ்பவள்ளி. "பூட்டக் கேக்காமலே. டேப்புலேருந்து எழும்புனா அது யாரையும் ஒண்ணும் கேக்காது."

இனி ஒரே ஒரு வேலை என்று அவள் விளக்கினாள். மெஷினின் டிஸ்கில் எல்லோருடைய பெயரும் உள்ள கோப்பு இருக்கிறது. முதல் வரியில் ரூட். பெயருக்குப் பக்கத்தில் கிறுக்கலாய்ச் சில எழுத்துகள். அதுதான் பூட்டு. அதை மட்டும் துடைத்துவிட்டால் கதவு திறந்த கதவு. ஆனால் பக்கத்தில் இருக்கும் ஒரு புள்ளி தவறி அழிந்தாலும் ரூட் மட்டுமில்லை, கம்பெனியில் யாருமே உள்ளே போக முடியாது.

திருத்துவதற்கு அவளுக்குத் தெரிந்த நிரலைக் கூப்பிட்டாள். திரை முழுக்கக் குப்பையைக் கொட்டியது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி குப்பை. டேப்பிலிருந்து எழும்பிய மெஷினுக்கு எதிரில் இருப்பது எந்தத் திரை என்றே தெரியவில்லை. மேனுவலைப் புரட்டினாள். பஸ் டிக்கெட்டுகள் பறந்தன. மணி இரண்டு.

"வேற ஒண்ணு இருக்கு. 'எட்'னு. பழைய காலத்துது. திரையே வேணாம் அதுக்கு. ஆனா எனக்கு அது வராதுக்கா. யாருக்குமே வராது."

படிக்கட்டில் ஹாரன் சத்தம் கேட்டது போலிருந்தது. கீழே தெருவில்தான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள் கனகேஸ்வரி. முனுசாமி இன்னும் கூடைகளைக் கழற்றவில்லை. அவற்றுக்கு நடுவே, இரண்டு கைகளாலும் முனுசாமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கழுத்துப்பட்டி காற்றில் பறக்க, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் வந்து இறங்கினார்.

மேலே வந்தவர் தன் நாற்காலியில் புஷ்பவள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். புருவம் ஏறியது. கனகேஸ்வரி அந்தப் புருவத்தை ஒரு பார்வை பார்த்தாள். இறங்கியது.

"உங்களுக்கு எட் தெரியுமே?" என்று கேட்டாள்.

தியாகராஜா மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். சட்டை நனைந்திருந்ததால் அது இன்னும் மங்கலானது. "எழுபத்தெட்டில சிங்கப்பூரில மூண்டு மாசம் பயிற்சி. டெலிபிரிண்டர். திரை எண்ட ஒண்டே இல்லை. எட் மட்டும்தான்."

உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரையும் சுவர் பார்க்கச் சொல்ல அவருக்கு ஞாபகம் இல்லை. விரல்களைப் பள்ளிக்கூட டைப்ரைட்டிங் வகுப்பில் வைப்பதுபோல வரிசையாக வைத்தார். அடித்தார்.

அந்த எட் என்பது ஒன்றும் காட்டாது, ஒன்றும் சொல்லாது. பிழை செய்தால் மட்டும் ஒரு கேள்விக்குறி போடும். ஏன், எங்கே என்று விளக்கம் கிடையாது. தன் புருஷனுக்கு இவ்வளவு பொருத்தமான ஒன்று இந்த உலகத்தில் இருப்பது கனகேஸ்வரிக்கு இன்றுதான் தெரிந்தது.

முதல் வரி வந்தது. தியாகராஜா ஒரு கட்டளை அடித்தார். கேள்விக்குறி. புஷ்பவள்ளி தோளுக்கு மேலே குனிந்து, "கோடு ஒண்ணு விட்டுப்போச்சு சார், கடைசில," என்றாள். சாதாரண நாளாக இருந்திருந்தால் அதற்கு ஒரு விதி எழுதப்பட்டிருக்கும். தியாகராஜா தலையாட்டினார். மறுபடி அடித்தார். கேள்விக்குறி இல்லை. வரியைக் காட்டச் சொன்னார். ரூட், பக்கத்தில் ஒரு புள்ளி ஜோடி, அடுத்து ஒன்றுமில்லை, அடுத்த புள்ளி ஜோடி. கிறுக்கல் போய்விட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று புஷ்பவள்ளி விரல் வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தாள். இருந்தது. சேமித்தார். மெஷினை நிறுத்தி, டேப்பை வெளியே எடுத்து, தன் காலில் எழும்பச் சொன்னார்கள்.

எழும்பியது. யார் என்று கேட்டது. ரூட் என்று அடித்தார். பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை.

சபூரா கையைத் தட்டினாள். புஷ்பவள்ளி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பழைய குப்பையை அழித்த மறு நிமிஷமே பிரிண்டர் பட்டினி கிடந்த ஆள்போலப் படிவங்களைக் கக்கத் தொடங்கியது. நாற்பது பெட்டி, நாற்பது படிவம். சபூரா வாரிக்கொண்டு சுங்கத்துக்கு ஓடும்போது மணி இரண்டே முக்கால். கீழே முனுசாமி ஏற்கெனவே வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்த அவசரம் தொற்றிவிட்டது.

அர்ஜுனன் மூன்றேகாலுக்கு வந்தான். வயது முப்பத்தைந்து, கையில் செங்கல் அளவு கைப்பேசி. அது பினாங்கில் எடுக்கவில்லை. எடுக்காத பேசியை ஜன்னல் ஜன்னலாகத் தூக்கிக் காட்டிக்கொண்டே அறைக்குள் வந்து, ஈரத் தரையையும், ஹெல்மெட் போட்டுக் கழற்றிய தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாளையும், பட்டுத்துணியையும் பார்த்தான். எல்லாம் ஓகேதானா அங்கிள், காலையில் என்னவோ பிரச்சினை என்று கேள்விப்பட்டேனே என்றான்.

பிரிண்டர் மற்றப் படிவங்களை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். கனகேஸ்வரி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அந்த வாக்கியம் அவர் தொண்டை வரை வந்து நிற்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதைத்தான் சொல்லப் போகிறார் என்றும் நினைத்தாள். மூன்று வருஷம். ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள். சொல்லட்டும் என்றுகூட ஒரு பக்கம் நினைத்தாள்.

"ரூட் பாஸ்வேர்டை நான் மறந்துபோனன்," என்றார் தியாகராஜா. "இந்தப் பிள்ளைதான் திறந்தது. நான் கொஞ்சம் டைப் அடிச்சன்."

அர்ஜுனன் பேசியைக் கீழே வைத்தான். அப்போ இப்போது பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டான். யாரிடமும் இல்லை, கதவு திறந்து கிடக்கிறது என்றாள் புஷ்பவள்ளி. அவன் சிறிது நேரம் சுவரில் இருந்த பதினான்கு விதிகளைப் பார்த்தான். ஒன்றுகூட வாசித்த மாதிரித் தெரியவில்லை.

"மூணு வருஷம் முடியாது அங்கிள். ஒரு வருஷம் போடலாம் லா. ஆனா இவங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுக்கணும். ஒருத்தர் கைல மட்டும் சாவி இருக்கக் கூடாது."

முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்று கனகேஸ்வரி மனசுக்குள் எண்ணி, அம்மனுக்கு நன்றி சொன்னாள். மிச்சத்துக்கு அடுத்த நவராத்திரி இருக்கிறது.

"அப்ப புதுசு போடுங்க சார்," என்று புஷ்பவள்ளி எழுந்து, பழக்கத்தில் சுவர்ப் பக்கம் நடந்தாள்.

தியாகராஜா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீர் இரும்."

"சார்?"

"இரும் பிள்ளை. நீர் போடும். உமக்கு ஞாபகம் நிக்கிறதா ஒண்டு போடும். பிறகு எனக்குச் சொல்லும்."

சொல்லிவிட்டு அவரே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கனகேஸ்வரி எழுந்து பக்கத்தில் போய் நின்றாள். அர்ஜுனன் என்ன நடக்கிறது என்று புரியாமல், எல்லோரும் நிற்பதால் தானும் பேசியோடு திரும்பி நின்றான். பின்னால் விசைகள் தட்டத் தொடங்கின.

ஐந்து வருஷத்தில் தியாகராஜா அந்தச் சுவரை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. தான் எழுதிய விதிகளை ஒன்றாவதிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தார். ஏழு. எட்டு. பதினொன்று. பதினான்கு. அதற்குக் கீழே, இடது மூலையில், சின்ன எழுத்தில், 'டி.ஆர். சி.ஆர். 87/3'.

பக்கத்தில் நின்ற கனகேஸ்வரி அவர் மூச்சு நின்றதைக் கேட்டாள். திரும்பிப் பார்த்தாள். காது சிவந்திருந்தது, ஈப்போ போனுக்குச் சிவந்ததைவிட. அவர் கண் நிற்கும் இடத்தைத் தேடிப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் புருஷனின் ஒரு கோப்பு எண்ணைக் கடைசி எழுத்து வரை வாசித்தாள்.

"இதுவே பாஸ்வேர்ட்?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

தியாகராஜா தலையை ஒரு அங்குலம் ஆட்டினார். "ஒருத்தரும் வாசிக்கிறேல்லை எண்டு நினைச்சன்," என்று முணுமுணுத்தார்.

"சரியாத்தான் நினைச்சிருக்கிறியள்."

புட்டுமாயக் கூடையும் ஹெல்மெட்டும் ஸ்பிரிட் பஞ்சும் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அர்ஜுனன் ஒரு மாதிரி பார்த்தான்.

"திரும்பலாமே?" என்று தியாகராஜா சுவரைப் பார்த்தபடியே கேட்டார். அவர் குரலில் அவ்வளவு பணிவை அந்த அறை கேட்டதில்லை.

"இருங்க சார்," என்றாள் புஷ்பவள்ளி. "இன்னொரு தடவ அடிச்சுக் காட்டச் சொல்லுது."

"ஆறுதலா அடியும் பிள்ளை," என்றார் தியாகராஜா. "நாங்கள் நிக்கிறம்."